வளவுக்கு வரும் வாடைக்காலக் குருவிகள்

மேற்கே பெருங்கடல், கிழக்கே புத்தளம் களப்பு. இவ்விரண்டுக்கும் நடுவே வடக்கு நோக்கி நீண்டு கிடப்பது கற்பிட்டிக் குடாநாடு. அக்குடாநாட்டின் மணல் நிலத்தில் அமைந்த சிற்றூர்களுள் ஒன்று குறிஞ்சிப்பிட்டி. குறிஞ்சி என்பது மலை நிலத்துக்குரிய பெயர். இவ்வூரிலோ மலையுமில்லை, குன்றுமில்லை. பிட்டி என்னும் மணல்மேடு மட்டுமே உண்டு. பெயர் எவ்வாறாயினும் நிலம் நெய்தலே. தென்னையும் வேம்பும் பூவரசும் முருங்கையும் நிழல் தரும் வளவுகள், அவற்றுக்கு அப்பால் கிணற்று நீரை நம்பிப் பயிராகும் வெங்காயத் தோட்டமும் மிளகாய்த் தோட்டமும், அவற்றுக்கும் அப்பால் அலையோசை: இவ்வளவே ஊரின் தோற்றம்.

கச்சான் காற்று ஓய்ந்து, ஐப்பசி மழையோடு வாடை வீசத் தொடங்கும் நாட்களில் இவ்வளவுகளில் ஒரு மாறுதல் நிகழ்கிறது. ஆடி மாதத்தில் இல்லாத குரல்கள் வேலியோரத்திலிருந்து எழுகின்றன. கிணற்றடி முருங்கையில், நேற்று வரை காணாத ஒரு சிறு பறவை அமர்ந்து இலைகளைத் துழாவுகிறது. அது என்னவென்று வீட்டாரைக் கேட்டால், 'குருவி' என்பார்கள். அந்த மறுமொழியிற் பிழையில்லை. ஆனால், ஒரே முருங்கை மரத்தில் ஒரே காலை வேளையில் வந்தமரும் இரு குருவிகளுள் ஒன்று பக்கத்து வேலியிற் பிறந்ததாகவும் மற்றொன்று கோக்கேசு மலைக்காட்டிற் பிறந்ததாகவும் இருத்தல் கூடும். ஒரே சொல்லால் இரண்டையும் அழைத்துவிட்டால், அவற்றுள் ஒன்றின் நெடும்பயணம் முழுவதும் அச்சொல்லுக்குள்ளே மறைந்துபோகிறது.

பறவைகளைப் பற்றிய ஆங்கிலப் படப்புத்தகங்கள் பள்ளி நூல்நிலையங்களில் இருக்கின்றன. அவற்றில் வீட்டுத் தோட்டத்துக்குக் குளிர்காலத்தில் வரும் பறவைகள் என்ற தலைப்பின் கீழ்ப் பெரும்பாலும் காணப்படுபவை 'பிஞ்ச்' என்று ஆங்கிலேயர் வழங்கும் இனத்தைச் சேர்ந்தவை. குட்டையான, கூம்பு வடிவான, தடித்த அலகு, சிட்டுக்குருவியின் பருமன், பனி படர்ந்த கிளையில் ஒரு செந்நிற மார்பு. இப்படத்தைப் பார்த்த மாணவன், மார்கழி மாதத்தில் தன் வளவின் வேலியில் தடித்த அலகுள்ள குருவிக் கூட்டமொன்றைக் கண்டதும், குளிர்காலப் பிஞ்ச் வந்துவிட்டதென்று குறித்துக்கொள்வது இயல்பே. இது அறிவுள்ள பிழை, ஆயினும் பிழையே. அதனைத் திருத்தும் வழியிற் சென்றால் இக்கரையோரத்துப் பறவைகளைப் பற்றி அறிய வேண்டியவற்றுட் பெரும்பகுதி தானாகவே விளங்கிவிடும்.

முதலில் அந்த வடநாட்டுக் குருவிகளின் செய்தியைப் பார்ப்போம். விதை தின்பதற்கென்றே அமைந்தது அவற்றின் அலகு. குளிர்காலத்திற் பூச்சி புழுக்கள் அழிந்தாலும் மரத்தில் விதை இருக்கும் வரையில் அவற்றுக்குக் கவலையில்லை. ஊசியிலை மரங்களின் விதை விளைச்சல் ஓர் ஆண்டு பெருகியும் மறு ஆண்டு பொய்த்தும் போவதுண்டு. பொய்த்த ஆண்டில் அவை கூட்டங் கூட்டமாகத் தெற்கே இறங்கும்; விளைந்த ஆண்டில் இருந்த இடத்திலேயே இருந்துவிடும். 1951-52 ஆம் ஆண்டுக் குளிர்காலத்திற் சுவிட்சர்லாந்தில் ஒரே அடைவிடத்திற் கூடிய பிஞ்ச் இனம் ஒன்றின் தொகை 7 கோடி என்று மதிப்பிடப்பட்டது. 'பீச்' மரத்தின் விதை மிகுந்து விளைந்திருந்ததே அக்கூட்டத்துக்குக் காரணம். இவ்வாறு இவை ஓர் ஆண்டு வந்து மறு ஆண்டு வாராதொழிவதால், வட அமெரிக்காவில் வீட்டுத் தோட்டங்களில் விதையிட்டு வந்த பறவைகளை எண்ணும் வழக்கம் ஓர் ஒழுங்கான ஆராய்ச்சியாகவே வளர்ந்தது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1976 இல் தொடங்கிய அக்கணக்கெடுப்பு, 1987 முதல் அக்கண்டம் முழுவதற்கும் விரிந்தது. அங்கும் அடையாளங் காண்பது எளிதன்று. கலிபோர்னியாவிலிருந்து கூண்டுப் பறவைகளாகக் கொண்டுவரப்பட்டு, விற்பனைக்குச் சட்டத் தடை வந்ததும் 1940 இல் நியூயோர்க் வணிகர்கள் திறந்துவிட்ட ஒருவகைப் பிஞ்ச், அந்நாட்டின் கிழக்குப் பகுதி முழுவதும் பரவிவிட்டது. அதனையும் அங்கேயே தொன்றுதொட்டு வாழும் மற்றொரு செந்நிறப் பிஞ்சையும் வேறுபடுத்தி அறிய அங்குள்ளோர் இன்றும் இடர்ப்படுகின்றனர்.

மெய்யான பிஞ்ச் குடும்பத்தைச் சேர்ந்த எப்பறவையும் இலங்கையிற் கூடுகட்டி வாழ்வதில்லை. இத்தீவுக்கு மிக அண்மையில் ஆண்டுதோறும் வருவது, வட ஆசியாவிலும் இமயத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தில் நீலகிரி முதலிய தென்னிந்திய மலைகள் வரை இறங்கும் செந்நிறப் பிஞ்ச் ஒன்றே. மூங்கில் விதையும் முசுக்கொட்டைப் பழமும் அதற்கு விருப்பமான உணவு. மலைச்சாரலை விட்டுக் கற்பிட்டியின் மணலுக்கு வர அதற்கு முகாந்திரம் இல்லை.

அவ்வாறாயின் வேலியில் வந்தமர்ந்த தடித்த அலகுக் கூட்டம் எது? அது தினைக்குருவி. நெல்லுக்குருவி என்றும், சில்லை என்றும் வழங்குவர். மார்பில் மீன் செதில் போன்ற வரிகளை உடைய புள்ளிச்சில்லை ஒன்று. பறக்கும்போது முதுகின் அடியில் வெண்மை பளிச்சிடும் வெண்முதுகுச் சில்லை மற்றொன்று. தலை கறுத்து உடல் செம்பழுப்பான கருந்தலைச் சில்லை வேறொன்று. இவையன்றி, வறண்ட கரையோரத்துக்கே உரிய வெண்தொண்டைச் சில்லை என்பதும் உண்டு. மணல் நிறத்து முதுகும் வெளிறிய வயிறும் கூரிய கறுத்த வாலும் உடையது அது. சாம்பல் நீலத்து அலகு வெள்ளியைப்போல் மின்னும். புல்லும் முட்செடியும் மண்டிய வெளிகளை விரும்பும் அப்பறவை, ஈரவலயத்தில் வாழ்வார்க்கு எளிதிற் கிடையாத காட்சி; கற்பிட்டிப் பக்கத்தார்க்கோ தலைவாசலுக்கு எதிரிலேயே கிடைக்கக்கூடியது. அதனை எவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்பது வேறு விடயம்.

இவை யாவும் உள்ளூர்வாசிகள். மாரி மழைக்குப் பின் புல் விதை முற்றும் காலத்திற் கூட்டமாகச் சேர்வதாற் புதிதாக வந்தவைபோற் தோன்றுகின்றன. பிஞ்ச் இனத்துக்கும் இவற்றுக்கும் அலகு ஒத்திருந்தாலும் குடும்பம் வேறு. கூட்டைப் பார்த்தால் ஐயம் தீரும். பிஞ்ச் கட்டுவது திறந்த கிண்ணம். சில்லை கட்டுவது புல்லாலான உருண்டை, பக்கத்தில் ஒரு வாயில். ஒரே தொழிலைச் செய்யும் இருவர் ஒரேவகைக் கருவியைக் கையாள்வதுபோல, விதையுடைக்கும் பறவைகளுக்கெல்லாம் தடித்த அலகு வாய்த்திருக்கிறது. தூக்கணாங்குருவியின் அலகும் அத்தகையதே. கூடு கட்டும் காலத்தில் ஆண் தூக்கணாங்குருவி பொன் முடி தரித்து நிற்கும். அக்காலம் கழிந்ததும் முடியைக் களைந்து பேடைபோல் மங்கிய உடை பூணும். இவ்வுடை மாற்றத்தை அறியாதோர் அதனையும் ஒரு புதுப்பறவை என்று எழுதிவைத்ததுண்டு.

ஆகவே, கற்பிட்டி வளவில் மெய்யான விருந்தினரைத் தேடுவோர் தடித்த அலகை விட்டு மெல்லிய அலகைத் தேட வேண்டும். அதற்கான காரணம் மிக எளியது. வடக்கே பனி விழும்போது விதை எஞ்சியிருக்கும், பூச்சி எஞ்சியிராது. விதை தின்னும் பறவை பொறுத்திருந்து பார்க்கலாம். பூச்சி தின்னும் பறவை புறப்பட்டே தீர வேண்டும். அதனால், பூச்சி தின்பவை விளைச்சலைப் பார்த்தன்றி நாட்காட்டியைப் பார்த்து வருவன போல ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே நாட்களில் வந்து சேர்கின்றன. ஆவணி இறுதியில் முதல் வரவு. புரட்டாசி, ஐப்பசியிற் பெருவரவு. பங்குனி, சித்திரையில் மீட்சி. இந்தியாவின் மேற்குப் பக்கமாக இறங்கி வரும் பறவைகள் இலங்கையின் வடமேற்குக் கரையைத் தொட்டுத் தீவுக்குள் நுழைகின்றன. அவ்வழியில் உள்ளதே கற்பிட்டி. சிறு பறவைகள் பெரும்பாலும் இரவிலேயே கடலைக் கடக்கின்றன. விடியற்காலையில் முதலிற் கண்ணிற் பட்ட பச்சை மரத்தில் இறங்குகின்றன. அந்த மரம் ஒரு வளவின் வேம்பாகவே இருக்கலாம்.

அவற்றுள் எளிதில் அறியக்கூடியது பழுப்புக் கீச்சான். வேலிக்கம்பத்தின் உச்சியில் தனியாக நிமிர்ந்திருக்கும். கண்ணின் குறுக்கே கள்வன் முகமூடிபோல் ஒரு கரும்பட்டை. அலகின் நுனி கொக்கிபோல் வளைந்திருக்கும். வந்த சில நாட்களுக்கு விடியலிலும் பொழுதுபடும் வேளையிலும் ஓயாது கரகரத்துச் சத்தமிடும். அது இந்த வேலி எனக்குரியது என்று மற்றக் கீச்சான்களுக்கு விடுக்கும் அறிவிப்பு. சைபீரியா, மஞ்சூரியா முதலிய இடங்களிற் பிறந்து வரும் இப்பறவை, ஓராண்டு தங்கிய அதே இடத்துக்கு மறு ஆண்டும் திரும்பி வருவதைக் காலில் வளையமிட்டு ஆராய்ந்தோர் கண்டறிந்திருக்கின்றனர். வேலிக்கு உறுதி எழுதியவர் வேறு; உரிமை கொண்டாடுபவர் வேறு!

மின்கம்பியில் வரிசையாக இருந்து தும்பியைத் துரத்தும் நீலவாற் பஞ்சுருட்டானையும், அதே கம்பியில் அமரும் தகைவிலானையும் நேயர்கள் பலர் அறிவர். அவற்றைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை. விரிக்க வேண்டியது பழுப்பு ஈப்பிடிப்பானைப் பற்றியே. சிட்டுக்குருவியிலும் சிறியது, நிறத்திற் சொல்லத்தக்க எதுவுமில்லை, மேலே சாம்பற் பழுப்பு, கீழே அழுக்கு வெள்ளை. ஆனால், முகத்துக்கு மிஞ்சிய பெரிய கண். அக்கண்ணைச் சுற்றி ஒரு வெண்வளையம். தாழ்ந்த கிளையொன்றில் அசையாமல் இருக்கும்; திடீரென்று பாய்ந்து காற்றில் ஒரு பூச்சியைக் கௌவி, புறப்பட்ட கிளைக்கே திரும்பும். இந்தப் பாய்ச்சலும் மீட்சியுமே அதன் முகவரி. நிறத்தைத் தேடுவோர் இப்பறவையைத் தவறவிடுவர். நடத்தையைக் கவனிப்போர் தவறவிடார்.

இதன் உடன்பிறப்பைப் போன்ற மற்றொன்று உண்டு. அதன் மார்பு பழுப்பேறியிருக்கும். கால் கறுத்திராமல் வெளிறிய ஊன்நிறமாக இருக்கும். திறந்த கிளையைக் காட்டிலும் அடர்ந்த நிழலை விரும்பும். வடகிழக்கிந்தியாவிலும் தென் சீனத்திலும் குஞ்சு பொரித்துக் குளிர்காலத்தில் இலங்கைக்கும் தென்மேற்கிந்தியாவுக்கும் வருவது. இப்பறவையின் பெயருக்குப் பின்னால் தமிழர் அறிந்திருக்க வேண்டிய ஒரு வரலாறு இருக்கிறது. 1846 ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து அரசாங்கச் சேவையில் அமர்ந்தவர் எட்கார் லியோபோல்ட் லேயர்ட். நினிவே நகரின் இடிபாடுகளை அகழ்ந்து புகழ்பெற்ற ஒஸ்டின் ஹென்றி லேயர்டின் இளைய சகோதரர். பருத்தித்துறையிற் கடமையாற்றிய காலத்தில் அவர் யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பறவைகளைத் தொகுத்தார். அவரிடம் முத்து என்னும் பெயருடைய பணியாளர் ஒருவர் இருந்தார். பெயரே அவர் இனத்தைச் சொல்லும். வேறெவரும் பொருட்படுத்தாத ஒரு மங்கிய பழுப்புக் குருவியை, இது மற்றதைப் போன்றதன்று என்று வேறுபிரித்துக் கொணர்ந்து லேயர்டின் கையிற் கொடுத்தவர் அவரே. அறிவியலுக்குப் புதிதான அப்பறவைக்கு 1854 இல் லேயர்ட் தம் பணியாளரின் பெயரையே சூட்டினார். இன்றும் உலகத்தின் எந்த மூலையில் எந்த மொழியிற் பறவை நூல் எழுதப்பட்டாலும் அதற்கு இலத்தீனில் வழங்கும் பெயர் 'முஸ்கிக்காப்பா முத்துயி'.

அந்த முத்து பிறந்த ஊரும் இறந்த நாளும் பறவை நூல்கள் பேணிவைக்கும் செய்திகளல்ல. எனினும் நோக்குதற்குரியது ஒன்றுண்டு. தொலைநோக்காடி இல்லாமல், அச்சிட்ட வழிகாட்டி இல்லாமல், ஒரு பழுப்புக் குருவிக்கும் மற்றொரு பழுப்புக் குருவிக்கும் உள்ள வேற்றுமையைக் கண்ட கண் அது. வின்சென்ட் லெக் எழுதிய இலங்கைப் பறவைகளின் வரலாறு நிறைவெய்தியது 1880 இல், ஜி. எம். ஹென்றியின் வழிகாட்டி நூல் வெளிவந்தது 1955 இல். இவற்றுக்கெல்லாம் முந்தியது முத்துவின் பார்வை.

இனி, அடையாளங் காண்பதில் மிகக் கடினமான பகுதிக்கு வருவோம். முருங்கை இலைகளுக்கிடையே ஒரு கணமும் ஓயாது துள்ளித் திரியும் பச்சை நிறச் சிறு பறவைகளே அவை. இலைக்கதிர்க்குருவி என்பது அவற்றின் பொதுப்பெயர். எடை பத்துக் கிராமுக்கும் குறைவு, ஊசிபோன்ற அலகு, கண்ணுக்கு மேலே புருவம் தீட்டியதுபோல் ஒரு வெளிர்கோடு. உள்ளூர் மாம்பழச்சிட்டும் பசுமஞ்சளாக இருப்பதால் மயங்குவோர் உளர். ஆனால், மாம்பழச்சிட்டின் அலகு வலியது, கறுத்த சிறகில் வெண்பட்டைகள் இரண்டு தெளிவாகத் தெரியும், அது துள்ளுவதில் இத்தனை அவசரமும் காட்டாது. இலைக்கதிர்க்குருவிகளுள்ளும் இரண்டு இனங்கள் இலங்கைக்கு வழக்கமாக வருகின்றன. ஒன்று கோக்கேசு மலைகளிலும் அவற்றை அடுத்த நாடுகளிலும் பிறப்பது. மற்றொன்று இமயத்திற் பிறப்பது. கண்ணால் மட்டும் இவற்றைப் பிரிக்க முயல்வது அனுபவமிக்கோருக்கும் தோல்வியையே தரும். காதே இங்கு கருவி. இமயத்திலிருந்து வருவது, கீழிருந்து மேலெழும் ஈரசைச் சீழ்க்கையொன்றைத் தெளிவாக எழுப்பும். மற்றதன் குரல் குறுகியது, கூரியது, சிட்டின் குரலை ஒத்தது. வேலிப் புதருக்குள்ளே மறைந்திருந்து 'சக், சக்' என்று நாவால் தட்டுவதுபோல் ஒலிக்கும் பழுப்பு நிறக் கதிர்க்குருவியும் ஒன்றுண்டு. உருவத்தைக் காண அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். குரலைக் கேட்க அரைநிமிடம் போதும்.

குரலைக் கேட்டுப் பெயர் கூறும் வசதியொன்றை அமெரிக்காவின் கொர்னெல் பல்கலைக்கழகப் பறவை ஆய்வுநிலையம் 2021 முதல் கைத்தொலைபேசி வழியே வழங்குகிறது. அது நல்ல துணை. ஆயினும், அது சொல்லிவிட்டது என்பதற்காகக் காணாத பறவையைக் கண்டதாக எழுதுவது, விடைப்புத்தகத்தைப் பார்த்துக் கணக்குச் செய்வதற்கு ஒப்பானது.

ஐயத்தை ஐயமாகவே வைத்துக்கொள்ளும் பண்பு இத்துறைக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு அரசவால் ஈப்பிடிப்பான் தக்க சான்று. கறுத்த கொண்டைத் தலையும், உடலினும் நீண்ட இரு நாடாக்கள் போன்ற வாலும் கொண்டு, மரநிழலில் அலைந்து செல்லும் இப்பறவையை ஒருமுறை கண்டவர் மறவார். சிலவற்றுக்கு வால் வெள்ளை, சிலவற்றுக்குச் செம்பழுப்பு. வெள்ளை வாலுடையதைத் துணிக்கள்வன் என்றும், சிவந்த வாலுடையதை நெருப்புக்கள்வன் என்றும் பொருள்படச் சிங்கள மக்கள் பெயரிட்டிருக்கின்றனர். இரண்டும் வெவ்வேறு பறவைகள் என்று நம்புவாரும் உளர். உண்மை இதுவே: இலங்கையிலேயே வாழும் குடியின் ஆண் தன் வாழ்நாள் முழுவதும் செம்பழுப்பாகவே இருக்கும், இந்தியாவிலிருந்து குளிர்காலத்தில் வரும் குடியின் ஆண் முதிர்ந்ததும் வெண்மையடையும். ஆகவே மார்கழியில் ஒரு வளவில் வெள்ளை வால் தென்பட்டால், அது கடல் கடந்து வந்தது என்று துணிந்து எழுதலாம். செம்பழுப்பு வால் தென்பட்டாலோ? அது உள்ளூராகவும் இருக்கலாம். இன்னும் முதிராத இந்திய ஆணாகவும் இருக்கலாம். இரு குடியின் பேடைகளும் செம்பழுப்பே. எனவே, 'செம்பழுப்பு, எக்குடி என்று துணியக்கூடவில்லை' என்று எழுதுவதே சரியான விடை. பரீட்சையில் இவ்விடைக்குப் புள்ளி கிடையாது. பறவைக் குறிப்பேட்டில் முழுப்புள்ளி உண்டு.

வளவில் மரத்துக்கு மேலே பார்த்தவர்கள் அடியிலும் பார்க்க வேண்டும். உதிர்ந்த சருகைக் காலாலும் அலகாலும் புரட்டிப் புழு தேடும் குட்டை வாற் பறவையொன்று, புரட்டாசி, ஐப்பசியில் வந்து சேரும். பச்சை முதுகு, பொன்னிற மார்பு, கண்ணின் மேல் கரும்பட்டை, சிறகில் நீலம், வாலடியிற் குருதிச் சிவப்பு. வடஇந்தியர் அதனை நவரங்கம் என்பர். தமிழர் இட்ட பெயர் ஆறுமணிக் குருவி. காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவில் இரட்டைச் சீழ்க்கை எழுப்புவதால் வந்த பெயர் அது. அதன் அழகிய சட்டையை மயில் இரவல் வாங்கித் திருப்பிக் கொடாமற் போயிற்று என்றும், அதனாலேயே நாள்தோறும் முறையிடுகிறது என்றும் சிங்கள நாட்டுக்கதை கூறும். புத்தளம் மாவட்டத்தில் மயிலுக்குக் குறைவில்லாததால், அவ்வழக்கில் வாதியும் பிரதிவாதியும் ஒரே ஊரில் இருப்பதைக் காணலாம்.

இமய அடிவாரத்திலிருந்தும் நடு இந்தியாவிலிருந்தும் வரும் ஆறுமணிக் குருவி, வந்து சேரும் இரவிற் களைப்பின் எல்லையில் இருக்கும். விளக்கொளியால் ஈர்க்கப்பட்டு வீட்டுக்குள் நுழைவதும், சுவரில் மோதி விழுவதும், விடியலில் விறாந்தையில் அசையாமற் கிடப்பதும் நிகழ்கின்றன. அவ்வாறு கிடப்பதை இறந்ததென்று எறிந்துவிடுவதும், அழகாயிருக்கிறதே என்று கூண்டிலடைப்பதும் அதற்குக் கேடே. காற்றோட்டமுள்ள ஓர் அட்டைப் பெட்டியில், இருட்டில், பூனை எட்டாத இடத்தில் வைத்துச் சில மணி நேரம் விட்டுவிட்டால் பெரும்பாலும் தெளிந்தெழும். பின்னர் நிழலான இடத்திற் திறந்துவிடலாம்.

தெளிந்தெழுந்த பறவை தங்குவதற்கு என்ன வேண்டும்? சருகு வேண்டும். இங்கேதான் சிக்கல் எழுகிறது. வளவைக் காலையும் மாலையும் வெள்ளை மணல் தெரியக் கூட்டி, கூட்டிய சருகைக் குவித்துக் கொளுத்துவது இக்கரையோர இல்லங்களில் ஒழுங்கின் அடையாளமாகக் கருதப்படுகிறது. முற்றத்தைக் கூட்டுவதை எவரும் குறைகூறார்; பாம்புக்கு அஞ்சுவோர்க்கு அது அவசியமுமாகும். ஆனால், கிணற்றடி வாழைக்குப் பின்னாலும் வேலிமூலை மரத்தடியிலும் கிடக்கும் சருகையும் கூட்டிக் கொளுத்திவிட்டால், ஆறுமணிக் குருவிக்கு அந்த வளவில் உணவில்லை. அவ்வாறே, உயிர்வேலியை வெட்டித் தகரமோ கம்பியோ அடைத்த வளவிற் கதிர்க்குருவிக்கு மறைவிடமில்லை. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அடிக்கும் மருந்து புழுவைக் கொல்லும்போது, அந்தப் புழுவைத் தேடி மூவாயிரம் கிலோமீற்றர் கடந்து வந்ததன் உணவையும் கொல்கிறது. தோட்டக்காரன் மருந்தைக் கைவிட முடியாது என்பான். அவன் கடனும் அவன் குடும்பமும் அந்த மிளகாயைச் சார்ந்திருக்கையில் அதனை எளிதில் மறுத்துவிட இயலாது. எனினும், தோட்டத்துக்கும் வீட்டுக்கும் இடையே நிற்கும் பூவரச வேலிக்கும் சேர்த்து மருந்து விசிற வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. கவண் ஏந்திய சிறுவனைப் பற்றியும் ஒரு சொல். கீச்சானை அடித்து வீழ்த்தும் குறி அவனிடம் உண்டென்றால், அதே குறிப்பார்வை அதன் காலின் நிறத்தையும் காணவல்லது.

குறிப்பெழுதுவதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஒரு பயிற்சிக் கொப்பியும் பென்சிலும் போதும். நாள், நேரம், எந்த மரம், அலகு எத்தகையது, ஊர்க்குருவியைக் காட்டிலும் பெரிதா சிறிதா, புலுனியைக் காட்டிலும் பெரிதா சிறிதா, என்ன செய்துகொண்டிருந்தது, என்ன சத்தமிட்டது: இவற்றைப் பறவை கண்முன் இருக்கையிலேயே எழுத வேண்டும். நூலைப் பின்னரே திறக்க வேண்டும். நூலை முதலிற் திறப்பவர், நூலிற் கண்டதையே மரத்திலும் காண்பார். முதல் வரவின் நாளும் இறுதிக் குரலின் நாளும் மிக மதிப்புடையவை. பத்தாண்டுக் கொப்பிகளை அருகருகே வைத்தால், மழை பிந்திய ஆண்டிலும் முந்திய ஆண்டிலும் பறவை எவ்வாறு நடந்துகொண்டது என்பதை அந்த ஊரார் தாமே வாசித்தறியலாம்.

அவ்வாறு எழுதப்பட்டவை போய்ச் சேர இடமும் இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 1976 இல் தொடங்கிய இலங்கைக் களப்பறவையியற் குழு இத்தகைய அவதானிப்புகளை வளர்த்து வந்திருக்கிறது. 1998 இல் வட அமெரிக்காவிற் தொடங்கி 2013 முதல் உலகெங்கும் விரிந்த கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு, ஆண்டுதோறும் மாசி மாதத்தை ஒட்டி நான்கு நாட்களுக்கு நடைபெறுகிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் இருந்து கண்டதை எண்ணி அனுப்பினாற் போதும். கனடாவில் இருப்பவர் பனிக்கிடையே பிஞ்ச் இனத்தை எண்ணும் அதே நாளில், குறிஞ்சிப்பிட்டியில் இருப்பவர் முருங்கையில் இலைக்கதிர்க்குருவியை எண்ணலாம். முன்னவரது தோட்டத்திற் பூச்சியுண்ணும் பறவைகள் இல்லாமைக்கும் பின்னவரது தோட்டத்தில் அவை நிறைந்திருப்பதற்கும் காரணம் ஒன்றே.

பங்குனி பிறந்ததும் வளவில் அசைவு மிகும். இலைக்கதிர்க்குருவிகள் பகல் முழுவதும் தின்று தோலின் கீழ்க் கொழுப்புச் சேர்க்கும். அக்கொழுப்பே கடலைக் கடப்பதற்குரிய எரிபொருள். கீச்சான் இறகு மாற்றிப் புத்துடை பூண்டு, வந்த நாளிற் கரகரத்த அதே கம்பத்தில் இருந்து தாழ்ந்த குரலிற் பாடக் கேட்கலாம். பின்னர் ஒரு நாள் மாலை ஆறு மணிக்குச் சீழ்க்கை எழாது. மறுநாளும் எழாவிட்டால், கொப்பியில் அந்நாளைக் குறிக்க வேண்டும். அடுத்த வாரம் கம்பத்தின் உச்சி வெறுமையாகும். புள்ளிச்சில்லைகள் மட்டும் வேலியை விட்டகலாமல், புல்லின் நீண்ட தாளொன்றைக் கௌவிக்கொண்டு தேசிமரத்துக்குள்ளே போவதும் வருவதுமாக இருக்கும்.